பிரேக் ஜேம்: சாமான் வாங்கும் முன் காரணத்தைக் கண்டுபிடிப்போம்

ஆலயத்துக்கு வந்துபோகும் எல்லா அன்பர்களுக்கும், முக்கியமாக சின்ன ஜீப் வைத்திருக்கும் அண்ணன் தம்பிமார்களுக்கும், வண்டி வேலை பார்க்கும் தொண்டர்கள் நாங்கள் எழுதுவது. பதிவு கொஞ்சம் நீளம்தான். பொறுமையாகப் படிங்க. ஜீப் இல்லாதவர்களும் படிங்க, ஏன்னா அந்த ஜீப்பில் ஏறி உட்காருவது நீங்களும் உங்க பிள்ளைகளும்தான்.

சொல்ல வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். முன் சக்கரத்தில் பிரேக் ஜேம் ஆனால், "வண்டி கொஞ்சம் இழுக்குது, பரவாயில்லை, ஓடிக்கிட்டே இருந்தா சரியாயிடும்" என்று சொல்கிறவர்கள் நம்மில் நிறைய பேர். எங்கள் கருத்து வேற. மேட்டில் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும் பிரேக், இறக்கத்தில் பிடிக்காமல் போகக்கூடிய பிரேக். அதனால் ரெண்டே ரெண்டு விஷயம். காரணம் தெரியும்வரை அந்த வண்டியில் ஆளை ஏற்றாதீங்க. காரணம் தெரியும்வரை ஒரு சாமானும் வாங்காதீங்க.

இதை ஏன் இங்கே எழுதுகிறோம் என்று சிலர் கேட்கலாம். செம்பனைத் தோட்டத்துக்குள் இருக்கும் கோயில்களுக்குப் போகும் பாதை எப்படி இருக்கும் என்று எல்லாருக்கும் தெரியும். செம்மண் ரோடு. மழை பெய்தால் சேறு, வெயில் அடித்தால் புழுதி. லோரி திரும்ப இடம் கிடையாது. அங்கே அரிசி மூட்டை, கேஸ் தோம்பு, அண்டா, குண்டான், தண்ணீர் டிரம் எல்லாம் கொண்டுபோய்ச் சேர்ப்பது இந்த சின்ன ஜீப்கள்தான். பழைய சுசுகி எஸ்.ஜே.410, எஸ்.ஜே.413, அப்புறம் 1998-க்குப் பிறகு வந்த ஜிம்னி, இந்த மாதிரி வண்டிகள். சின்ன வண்டி, லேசான வண்டி. ஆனா 200 லிட்டர் தண்ணீர் டிரம் ஒன்று வைத்தாலே 200 கிலோ. மேலே நாலு பேர் ஏறிக்கொண்டால் அந்த முன் பிரேக் எவ்வளவு வேலை செய்ய வேண்டியிருக்கும் என்று யோசிச்சுப் பாருங்க. வண்டியை நிறுத்தும் வேலையில் பெரும்பங்கு முன் சக்கரத்துக்குத்தான். பிரேக் போட்டதும் பாரம் முன்னால் சாயும்.

இது எந்தக் கம்பெனியின் குறையும் இல்லை. இருபது, முப்பது வருஷம் சேற்றிலும் தண்ணீரிலும் ஓடிய வண்டி எதுவாக இருந்தாலும் இது வரும். வயசான வண்டிக்கு வரும் மூட்டுவலி மாதிரி. வலி எந்த மூட்டில் என்று பார்க்காமல் மருந்து வாங்குவதுதான் நாம் பண்ணும் தவறு.

முதலில், பிரேக் எப்படி விடுகிறது?

பிரேக் எப்படிப் பிடிக்கிறது என்று எல்லாருக்கும் ஓரளவு தெரியும். காலால் மிதிக்கிறோம், மாஸ்டர் பம்ப் ஆயிலைத் தள்ளுது, காலிபருக்குள் இருக்கும் பிஸ்டன் வெளியே வந்து பேடை டிஸ்க் மேல் அழுத்துது. சரி. காலை எடுத்ததும் எப்படி விடுகிறது? டிரம் பிரேக்கில் ஸ்பிரிங் இருக்கும், அது இழுத்துக்கொள்ளும். டிஸ்க் பிரேக்கில் பிஸ்டனைப் பின்னால் இழுக்க ஸ்பிரிங் கிடையாது. பிஸ்டனைச் சுற்றி ஒரு ரப்பர் வளையம் இருக்கு. மிதிக்கும்போது அந்த ரப்பர் கொஞ்சம் முறுக்கிக்கொள்ளும். காலை எடுத்ததும் பழைய நிலைக்குத் திரும்பும்போது பிஸ்டனையும் ஒரு மயிரிழை பின்னால் இழுத்துக்கொண்டு போகும். அவ்வளவுதான் இடைவெளி. அந்த மயிரிழையை நம்பித்தான் சக்கரம் சுத்துது.

அந்த மயிரிழை கிடைக்க நாலு விஷயம் சரியாக இருக்கணும். பிஸ்டன் துருப்பிடிக்காமல் வழுக்கணும். காலிபர் உட்கார்ந்து நகரும் பின் இரண்டும் வழுக்கணும். பேடின் காது, தாங்கியின் பள்ளத்தில் இறுகாமல் நகரணும். போன ஆயில் அதே வழியில் தடையில்லாமல் மாஸ்டர் பம்ப்புக்குத் திரும்பணும். இந்த நாலில் ஒன்று கெட்டாலும் வெளியே தெரிவது ஒரே அறிகுறிதான்: பிரேக் ஜேம். ஒரே அறிகுறி, பல காரணம். அதனால்தான் யூகம் வேலைக்கு ஆகாது என்கிறோம்.

ஆபத்து எங்கே இருக்கு?

உரசினால் சூடு. விடாமல் உரசினால் விடாத சூடு. அந்தச் சூடு பேடிலிருந்து பிஸ்டனுக்கும், பிஸ்டனிலிருந்து ஆயிலுக்கும் போகும். டாட் 3 பிரேக் ஆயில் புதுசாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் இருக்கணும் என்பது தர அளவு. டாட் 4-க்கு 230. ஆனா இந்த ஆயில் காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சும் சுபாவம் கொண்டது. ஈரம் சேர்ந்த பிறகு உள்ள அளவு டாட் 3-க்கு 140, டாட் 4-க்கு 155. நம்ம ஊர் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமா? நாலைந்து வருஷமாக மாற்றாத ஆயில் எந்த நிலையில் இருக்கும் என்று நீங்களே முடிவு பண்ணிக்கொள்ளுங்க.

ஆயில் கொதித்தால் உள்ளே ஆவிக் குமிழ் வரும். ஆயிலை அழுத்தினால் அழுத்தம் போய்ச் சேரும், ஆவியை அழுத்தினால் அது சுருங்கும். மிதி நேரே தரைக்குப் போகும், வண்டி நிற்காது. காலையிலிருந்து "பிடிக்குது, பிடிக்குது" என்று சொன்ன அதே பிரேக், கேமரன் மலை மாதிரி நீண்ட இறக்கத்தில் ஒன்றுமே இல்லாமல் போவது இப்படித்தான். ஒரு மணி நேரம் கழித்து ஆறிய பிறகு பார்த்தால் மிதி நல்லா இருக்கும். "ஒன்னுமில்லையே!" என்று சொல்லிவிட்டு மறுபடி கிளம்புவார்கள். இதைவிட மோசமான ஏமாற்று வேறு இல்லை.

சக்கரத்தின் நடுவில் உள்ள ஹப்பும் சூடாகும். பேரிங் கிரீஸ் உருகி ஓடும், சீல் கெடும். பிரேக்கில் தொடங்கியது பேரிங்கில் போய் முடியும்.

நாம் வழக்கமாகச் செய்வது என்ன?

கண்ணால் பார்த்ததைச் சொல்கிறோம். ஒன்று, பேடைக் கழற்றி அரத்தால் தேய்த்து மெல்லிசாக்கி மறுபடி போடுவது. பத்து நாள் ஓடும், பிஸ்டன் இன்னும் கொஞ்சம் வெளியே வந்து மறுபடி பிடிக்கும். ரெண்டு, சூடான சக்கரத்தில் வாளியோடு தண்ணீர் ஊற்றுவது. சூடான இரும்பில் பச்சைத் தண்ணீர் பட்டால் டிஸ்க் கோணிப்போகலாம், வெடிப்பும் விடலாம். மூன்று, எடுத்த எடுப்பில் மாஸ்டர் பம்ப்பை மாற்றுவது. நாலு, ஹாஃப்-கட் கடையில் பழைய காலிபர் வாங்கி மாட்டுவது. அதுவும் எத்தனை வருஷம் கிடந்ததோ, உள்ளே துரு இருக்கான்னு பார்க்காமலே. ஐந்து, சொல்லவே பயமாக இருக்கு, ஜேம் ஆன பக்கத்து பைப்பை அடைத்துவிட்டு மீதி சக்கரங்களை நம்பி ஓட்டுவது. இதைச் செய்த வண்டி அவசரமாக பிரேக் போட்டால் ஒரு பக்கமாகச் சுழலும். ஒரு மனுஷனும் அப்படிப்பட்ட வண்டியில் ஏறக்கூடாது.

தொழிற்சாலையில் வேலை செய்கிறவர்களுக்குத் தெரியும். மெஷின் நின்றால் முதல் கேள்வி "எதை மாற்றலாம்" என்று இருக்காது, "ஏன் நின்றது" என்றுதான் இருக்கும். டொயோட்டா தொழிற்சாலைகளில் ஐந்து தடவை "ஏன்" கேட்கும் பழக்கம் உலகத்துக்கே தெரிந்த விஷயம். நம்ம சொந்த வண்டி என்று வரும்போது மட்டும் ஒரு "ஏன்" கூட கேட்காமல் பர்ஸைத் திறக்கிறோம்.

சரி, எப்படிப் பார்ப்பது? வரிசையாகச் சொல்கிறோம். மேலிருந்து கீழே இதே வரிசையில் போங்க, தாண்டாதீங்க.

முதல் படி: பிரேக்தானா?

வண்டி இழுத்துப் பிடித்தால் எல்லாம் பிரேக் என்று அர்த்தமில்லை. இந்த மாதிரி ஜீப்பில் நாலு சக்கர ஓட்டம் போட்டால் முன் அச்சும் பின் அச்சும் ஒன்றாகப் பூட்டிக்கொள்ளும். சேற்றில் அது நல்லது. தார் ரோட்டில் வளையும்போது முன் சக்கரமும் பின் சக்கரமும் வேற வேற தூரம் ஓடணும், ஆனால் ஓட முடியாமல் முறுக்கிக்கொள்ளும். ஓட்டுகிறவருக்கு அது பிரேக் பிடித்த மாதிரியே இருக்கும். தோட்டத்திலிருந்து வெளியே வந்த பிறகு ரெண்டு சக்கர ஓட்டத்துக்கு மாற்றினாரா என்று முதலில் கேளுங்க. லிவர் இறங்க மறுத்தால் கொஞ்சம் ரிவர்ஸ் போனால் முறுக்கு விடும்.

அடுத்து டயர் காற்று. சேற்றுக்காகக் குறைத்த காற்றை மறுபடி அடிக்காமல் ஓட்டினாலும் வண்டி பாரமாக இழுக்கும். அடுத்து ஹேண்ட்பிரேக். பெரும்பாலும் அது வேலை செய்வது பின்பக்கம். பின் சக்கரம் சூடாக இருந்தால் முன்னால் தேடுவதில் பிரயோஜனம் இல்லை.

இரண்டாம் படி: எந்தச் சக்கரம்?

காலையில் வண்டி ஆறி இருக்கும்போது ஐந்து கிலோமீட்டர் மாதிரி சமமான ரோட்டில் ஓட்டுங்க. முடிந்தவரை பிரேக் தொடாமல், கியரைக் குறைத்து, மெதுவாக உருட்டி நிறுத்துங்க. இறங்கி நாலு சக்கரத்துக்கும் பக்கத்தில் உள்ளங்கையைக் கொண்டுபோங்க. தொடாதீங்க, பக்கத்தில் மட்டும். தோல் வெந்துபோகும். தொழிற்சாலையில் சூடு பார்க்கும் துப்பாக்கி கிடைத்தால் இன்னும் நல்லது. பளபளப்பான இரும்பில் அது சரியான எண்ணைக் காட்டாது. ஆனா இடது பக்கம் எந்த இடத்தில் பார்த்தீர்களோ, வலது பக்கமும் அதே இடத்தில் பாருங்க. நமக்கு வேண்டியது எண் இல்லை, ரெண்டுக்கும் உள்ள வித்தியாசம்.

ஒரு முன் சக்கரம் மட்டும் சூடு என்றால், கோளாறு அந்தச் சக்கரத்துப் பக்கத்தில்தான்: காலிபர், பின், பேட், இல்லைன்னா ரப்பர் ஹோஸ். மாஸ்டர் பம்ப்பை மறந்துடுங்க. ரெண்டு முன் சக்கரமும் ஒரே மாதிரி சூடு என்றால், கோளாறு ரெண்டுக்கும் பொதுவான இடத்தில், அதாவது மேலே: மிதி, சர்வோ, மாஸ்டர் பம்ப். இந்த ஒரே ஒரு சோதனை பாதி செலவைக் காப்பாற்றிவிடும். காசும் தேவையில்லை, சாமானும் தேவையில்லை.

இன்னொரு குறிப்பு. கிளம்பும்போதே பிடித்தால் பெரும்பாலும் துருவும் இறுக்கமும்தான் காரணம். கிளம்பும்போது நல்லா இருந்து, ஓட ஓட மிதி கெட்டியாகி, மேலே ஏறி, பிறகு பிடித்தால், ஆயில் திரும்பிப் போகும் வழி அடைபட்டிருக்கு. சூட்டில் ஆயில் விரியும். விரிந்த ஆயிலுக்குப் போக இடமில்லை என்றால் அதுவே பிரேக்கை அழுத்தும். அழுத்தினால் இன்னும் சூடு. இன்னும் சூடு என்றால் இன்னும் அழுத்தம். வண்டி தன்னைத் தானே பிடித்துக்கொள்ளும்.

மூன்றாம் படி: தூக்கிச் சுத்துவது

சமதளத்தில் நிறுத்தி, பின் சக்கரத்துக்குக் கட்டை வைத்து, முன்னால் ஜாக் அடித்து, கட்டாயம் ஸ்டேண்ட் போடுங்க. வெறும் ஜாக்கை நம்பி வண்டிக்குக் கீழே கையோ தலையோ போகக்கூடாது. ரெண்டு சக்கர ஓட்டத்தில் வைத்து, முன் ஹப்பில் கையால் திருப்பும் பூட்டு இருந்தால் அதையும் விடுவித்துவிடுங்க. இல்லாவிட்டால் அச்சும் சேர்ந்து சுத்தி உங்களைக் குழப்பும்.

கையால் சுத்துங்க. டிஸ்க் பிரேக்கில் லேசான உரசல் சத்தம் சாதாரணம். பயப்பட வேண்டாம். ரெண்டு கையாலும் தள்ளித்தான் சுத்துது என்றால் அதுதான் ஜேம். ஒருத்தர் உள்ளே உட்கார்ந்து மிதித்து விடட்டும், உடனே சுத்துங்க. ஒரு விநாடியில் விட்டால் நல்லது. மெதுவாக, நேரமெடுத்து விட்டால் ஆயில் திரும்ப தயங்குது, இல்லைன்னா பிஸ்டன் தயங்குது.

காலிபரைக் கழற்றி ஓரமாகக் கட்டி வைத்துவிட்டு மறுபடி சுத்துங்க. அப்பவும் இறுக்கம் இருந்தால் அது பிரேக்கே இல்லை, வீல் பேரிங். காலிபரை ஹோஸில் தொங்கவிடாதீங்க. ஒரு கம்பியால் ஸ்பிரிங்கில் கட்டுங்க. தொங்கவிட்ட ஹோஸ் உள்ளே கிழியும், அடுத்த ஜேம் அங்கிருந்துதான் ஆரம்பிக்கும்.

நான்காம் படி: ஆயிலா, இரும்பா?

இது மெக்கானிக் பக்கத்தில் இருக்கும்போது செய்ய வேண்டியது. பைப்பைத் திறந்தால் காற்று புகும், பிறகு காற்று எடுத்தாகணும். ஆனா பக்கத்தில் நின்று நீங்கள் பார்க்கணும். "இப்படிப் பாருங்க" என்று கேட்கவும் தெரியணும்.

பிரேக் ஜேம் ஆகி இருக்கும் நேரத்திலேயே, காலிபரில் காற்று எடுக்கும் நிப்பிளைக் கொஞ்சம் திறங்க. ஆயில் பீச்சி அடித்து சக்கரம் உடனே விட்டால், உள்ளே அழுத்தம் மாட்டிக்கொண்டு இருந்தது என்று அர்த்தம். காலிபர் நிரபராதி. திறந்தும் சக்கரம் விடவில்லை என்றால், கோளாறு இரும்பில்தான்: பிஸ்டன், பின், பேடின் காது.

அழுத்தம்தான் என்று தெரிந்தால் அடுத்த கேள்வி, அது எங்கே மாட்டிக்கொண்டது? மறுபடி ஜேம் ஆக்கி, இந்தத் தடவை ரப்பர் ஹோஸுக்கு மேலே இரும்பு பைப் சேரும் இடத்தைத் தளர்த்துங்க. அங்கே தளர்த்தியதும் சக்கரம் விட்டால் அழுத்தம் மேலிருந்து வருது. அங்கே தளர்த்தியும் விடாமல், கீழே நிப்பிளைத் திறந்த பிறகுதான் விட்டால், குற்றவாளி அந்த ஹோஸ். பழைய ரப்பர் ஹோஸ் வெளியே புதுசு மாதிரி இருக்கும். உள்ளே தோல் உரிந்து கதவு மாதிரி நிற்கும். நாம் மிதிக்கும் பலத்துக்கு ஆயில் உள்ளே போயிடும், திரும்பி வரும்போது கதவு மூடிக்கொள்ளும். சிலர் ஹோஸைப் பிளையரால் நெரித்துச் சோதிப்பார்கள். அது வேண்டாம், நல்ல ஹோஸையும் அது கெடுத்துவிடும்.

மேலிருந்துதான் என்றால், மாஸ்டர் பம்ப்பை சர்வோவில் பிடித்திருக்கும் நட்டை ரெண்டு மூன்று மில்லிமீட்டர் தளர்த்துங்க. சக்கரம் விட்டதா? அப்போ பம்ப் நல்லா இருக்கு. அதைத் தள்ளும் கம்பி நீளமாக இருக்கு, இல்லைன்னா மிதி முழுசாக மேலே வரவில்லை. பிரேக் லைட் சுவிட்சைத் தப்பாகத் திருகி வைத்திருந்தாலே போதும், மிதி எப்பவும் கொஞ்சம் அழுத்தியே இருக்கும். மிதியில் சில மில்லிமீட்டர் வெற்று ஆட்டம் இருக்கணும். அது இல்லாத வண்டியில் பம்ப்பின் திரும்பு துளை மூடியே கிடக்கும். இதைச் சரிசெய்ய ஒரு ஸ்பேனர் போதும். இதற்குப் புது பம்ப் வாங்கி மாட்டி, "புதுசு போட்டும் சரியாகலையே" என்று தலையில் கை வைத்தவர்கள் உண்டு.

நட்டைத் தளர்த்தியும் விடவில்லை, பம்ப்பிலிருந்து வெளியே போகும் பைப்பைத் தளர்த்தினால்தான் விடுது என்றால், அப்போதுதான் மாஸ்டர் பம்ப் குற்றவாளி. இத்தனை படி தாண்டி கடைசியில் வருவதைத்தான் நம்ம ஆட்கள் முதலில் வாங்குகிறார்கள்.

சேற்று வண்டிக்கு அதிகம் வருவது

எங்கள் கை வழியாகப் போன சின்ன ஜீப்களில் அதிகம் பார்த்தது பின் இறுகுவதும், பேடின் காது துருவில் மாட்டிக்கொள்வதும்தான். உதாரணத்துக்கு ஒன்று. தண்ணீர் எடுக்கும் ஒரு ஜீப், இடது முன் சக்கரம் மட்டும் சூடு. மூன்று பேர் மூன்று யோசனை சொன்னார்கள், மூன்றிலும் மாஸ்டர் பம்ப் இருந்தது. ஒரு பக்கம்தானே சூடு என்று கேட்டதும் பேச்சு நின்றது. நிப்பிளைத் திறந்தும் விடவில்லை. கழற்றிப் பார்த்தால் கீழ்ப் பின்னின் ரப்பர் கிழிந்து, உள்ளே செம்மண் களிம்பு. உள் பேட் நகம் மாதிரி தேய்ந்திருக்கு, வெளிப் பேட் பாதி கூடத் தேயவில்லை. அந்த வித்தியாசமே கதையைச் சொல்லிவிடும். சுத்தம் பண்ணி, ரப்பர் மாற்றி, ரப்பருக்கு ஒத்துப்போகும் சிலிக்கோன் கிரீஸ் போட்டு, ரெண்டு பக்கமும் புது பேட் மாட்டி ஓடவிட்டார்கள். பம்ப் வாங்க வைத்திருந்த காசு மிச்சம்.

கிரீஸ் விஷயத்தில் கவனம். பேரிங்குக்குப் போடும் சாதாரண கிரீஸை பின்னில் போட்டால் ரப்பர் உப்பும், மறுபடி இறுகும். அதே மாதிரி பிரேக் ஆயில் டப்பாவில் என்ஜின் ஆயில், பவர் ஸ்டியரிங் ஆயில் எதுவும் ஒரு சொட்டு கூட போகக்கூடாது. போனால் எல்லா ரப்பரும் உப்பும். டப்பா மூடியின் ரப்பர் உப்பி, மூடி சரியாக உட்காராமல் இருந்தால் அதுவே அடையாளம். அப்புறம் ஒன்று ரெண்டு மாற்றித் தப்பிக்க முடியாது. பம்ப், ஹோஸ், காலிபர், பின் டிரம் என்று ரப்பர் இருக்கும் எல்லா இடத்தையும் பார்க்கணும். உதவி செய்கிறோம் என்று டப்பாவில் ஆயில் ஊற்றும் தம்பிமார்களே, பாட்டிலைப் படிச்சுட்டு ஊற்றுங்க.

புது பேட் போட்ட மறுநாளே ஜேம் ஆனால் பேடைக் குறை சொல்லாதீங்க. பழைய பேட் தேய்ந்தபோது பிஸ்டன் வெளியே நீண்டிருந்தது. ரப்பர் உறை கிழிந்திருந்தால் அந்த நீண்ட பகுதியில் துரு ஏறியிருக்கும். புது பேடுக்கு இடம் பண்ண அந்தத் துருவை அப்படியே சீலுக்குள் தள்ளியிருக்கிறார்கள்.

சிலர் கேட்பார்கள்

"நாங்க என்ன மெக்கானிக்கா?" வேண்டாம். ரிப்பேர் பண்ணச் சொல்லவில்லை. முதல் ரெண்டு படிக்கு ஸ்பேனரே வேண்டாம். "இடது முன் சக்கரம் மட்டும் சூடு, கிளம்பும்போதே பிடிக்குது" என்று சொல்லிக்கொண்டு ஒர்க்‌ஷாப்புக்குப் போகிறவரையும், "பிரேக் சரியில்லை, பாருங்க" என்று சாவியைக் கொடுக்கிறவரையும் ஒரே மாதிரி நடத்த மாட்டார்கள். நல்ல மெக்கானிக்குக் கூட உங்கள் தகவல் பாதி வேலையை மிச்சப்படுத்தும். நாணயமில்லாதவர் உங்களிடம் பம்ப் விற்க யோசிப்பார்.

"திருவிழா நேரத்தில் வண்டியை நிறுத்தினா வேலை எப்படி நடக்கும்?" இது நியாயமான கேள்வி. தண்ணீர் டிரம் ஒரு மணி நேரம் தாமதமாக வரட்டும். அன்னதானம் அரை மணி நேரம் தள்ளிப் போகட்டும். பக்கத்துத் தோட்டத்தில் கேட்டு ஒரு வண்டி வாங்கிக்கொள்ளலாம், இளைஞர்கள் தோளில் சுமக்கலாம். நாலு பேருக்குக் கால் வலித்தால் இரவு தூங்கினால் போகும்.

"சாமி காரியம், சாமி பார்த்துக்கும்." நம்பிக்கையைக் குறைத்துப் பேச மாட்டோம். ஆனா விளக்கு ஏற்றுவதற்கு முன் திரியைச் சரிபார்க்கிறோம், எண்ணெய் ஊற்றுகிறோம். அதைச் சாமி செய்யும் என்று விடுவதில்லையே. பிள்ளைகளைப் பின்னால் ஏற்றிக்கொண்டு இறக்கத்தில் வரும் வண்டிக்கும் அந்த மரியாதையைக் கொடுப்போம்.

அதனால் எங்கள் வேண்டுகோள் இதுதான். ஆலய வேலைக்கு வரும் எந்த ஜீப்பாக இருந்தாலும், ஒரு சக்கரம் மட்டும் சூடு, கருகிய வாசம், பிரேக் தொடாமலே ஒரு பக்கம் இழுப்பு, ஓட ஓட மிதி கெட்டியாவது, இந்த நாலில் ஒன்று தெரிந்தாலும் ஓட்டுகிறவர் வாய் திறந்து சொல்லணும். வண்டி யாருடையது, அவர் கோபித்துக்கொள்வாரா என்று பார்க்க வேண்டாம். தொழிற்சாலையில் கெட்ட மெஷினுக்குச் சிவப்பு அட்டை மாட்டுவது மாதிரி, ஸ்டியரிங்கில் ஒரு சிவப்புத் துணி கட்டுங்க, சாவியைப் பொறுப்பாளரிடம் கொடுங்க. காரணம் தெரிந்து, சரிசெய்து, மறுபடி ஐந்து கிலோமீட்டர் ஓட்டி ரெண்டு பக்கமும் ஒரே சூடு என்று பார்த்த பிறகுதான் துணியை அவிழ்க்கணும். பிரேக் ஆயிலை ரெண்டு வருஷத்துக்கு ஒரு முறை மாற்றுங்க. சேற்றில் ஓடும் வண்டிக்குப் பின்னையும் ரப்பரையும் வருஷம் ஒரு முறை, திருவிழாவுக்கு ஒரு மாதம் முன்னால், கழற்றிப் பாருங்க.

சொன்னவரை "பயந்தாங்கொள்ளி" என்று கிண்டல் பண்ணாதீங்க. வண்டியை நிறுத்தச் சொல்ல தைரியம் வேணும். ஓட்டிக்கொண்டு போக அது வேண்டியதில்லை.

படித்தவர்கள், ஜீப் வைத்திருக்கும் உங்கள் அண்ணன் தம்பி, மாமன் மச்சான் யாருக்காவது அனுப்பி வையுங்க. இதைவிட நல்ல வழி தெரிந்த மெக்கானிக் அன்பர்கள் கீழே எழுதுங்க, நாங்களும் கற்றுக்கொள்கிறோம். எல்லாரும் பத்திரமாகப் போய் பத்திரமாக வீடு திரும்பணும்.